சுமை யார் தலையில்?

"உங்கிட்ட என்னப்பா ஆதாரம் இருக்கு?"

தாலுகா ஆபீசில் இதைத்தான் கேட்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் இதைத்தான் கேட்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் அங்கேயும் இதேதான். சேரியில் பிறந்தவன் எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற வீட்டுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். பாட்டன் பூட்டன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போன பாதைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். சுடுகாட்டுக்கே ஆதாரம் கேட்கிறார்கள். எதிரே வெள்ளை வேட்டியில் நிற்பவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவர் வேலி போட்டிருக்கிறார், அதனால் அது அவருடையது என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. நிரூபிக்கும் சுமை. காமயகவுண்டன்பட்டி தொடங்கி கம்பம், கூடலூர், உத்தமபாளையம் வரை நம் தோழர்கள் வன்கொடுமை வழக்கு என்றால் ஓடிப்போய் நிற்கிறார்கள். புகார் எழுதத் தெரிகிறது, எப்.ஐ.ஆர். போடவைக்கத் தெரிகிறது. ஆனால் நிலம், பாதை, வீட்டுமனை, சுடுகாடு எல்லாம் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகின்றன. அங்கே கூட்டம் கூடுவதில்லை, பத்திரிகைக்காரர்கள் வருவதில்லை. வாய்தா மேல் வாய்தாவாக, சத்தமில்லாமல் நாம் தோற்கிறோம். அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றிப் பேசுகிறோம்.

விதி என்ன சொல்கிறது?

1872இல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 101ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்திருக்கிறது. எண் 104 ஆகியிருக்கிறது, விஷயம் மாறவில்லை. (அந்தத் தேதிக்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டம்தான்.) தனக்கு ஓர் உரிமை உண்டு என்று தீர்ப்புக் கேட்கிறவர், அந்த உரிமைக்கு அடிப்படையான சங்கதிகளைத் தானே நிரூபிக்க வேண்டும். அடுத்த பிரிவு ஒரு சோதனையைச் சொல்கிறது. இரண்டு தரப்பும் சாட்சியே விடாவிட்டால் யார் தோற்பார்? அவர் மேல்தான் சுமை.

கிரிமினல் வழக்கில் தராசு வேறு. அங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசு நிரூபிக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானது அந்தத் தராசில்தான். சிவில் வழக்கில் அவ்வளவு தேவையில்லை. இரண்டு கதையில் எது நடந்திருக்கக் கூடியது என்று பார்த்து, முள் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. நம் ஆட்கள் பலர் இதை அறியாமல், "கொலைக் கேஸ் மாதிரி எல்லாத்தையும் நிரூபிக்கணுமாம்" என்று பயந்து பின்வாங்குகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதலில் தட்டில் ஏதாவது வைக்க வேண்டியவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். வழக்கின் அடிப்படைச் சுமை கடைசிவரை ஒருவர் மேலேயே இருக்கும். ஆனால் சாட்சியம் வர வர, பதில் சொல்ல வேண்டிய முறை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். 2003இல் தமிழ்நாட்டுக் கோயில் சொத்து ஒன்றைப் பற்றிய வெங்கடாசலக் கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாதி தன் உரிமை பெரும்பாலும் உண்மையாக இருக்கக்கூடும் என்ற அளவுக்குக் காட்டிவிட்டால் போதும், பதில் சொல்லும் முறை பிரதிவாதிக்கு வந்துவிடும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

காகிதத்தில் படித்தால் எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் காகிதம் வைத்துக்கொள்ள யாரை விட்டார்கள்? நிலத்தை அளந்தவன், கணக்கு எழுதியவன், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் எல்லாம் யார்? பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் 1980இல் ஒழிக்கப்படும்வரை ஊர்க் கணக்கு எந்தத் தெருவில் இருந்தது? சேரிக்காரன் கையில் கொடுக்கப்பட்டது மண்வெட்டி. பொதுவான விதியை இந்த ஊரில் கொண்டுவந்து வைத்தால் அது ஒரு பக்கமாகச் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

கமுதியும் மகாடும்

சுமை யார் தலையில் விழுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு வழக்குகள்.

முதலாவது நம் பக்கத்தில் நடந்தது. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். மதுரைக் கோர்ட்டில் 1899இல் தீர்ப்பு, பிறகு சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில். எல்லா இடத்திலும் நாடார்களுக்குத் தோல்வி. உள்ளே விடாத வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது, ஆகவே அது செல்லும் என்றார்கள். விலக்கியவனின் பழக்கமே அவனுக்குச் சாட்சியாயிற்று. விலக்கப்பட்டவன் தனக்கு உரிமை இருந்ததைக் காட்ட வேண்டியதாயிற்று. உள்ளேயே விடப்படாதவன் உள்ளே போன சாட்சியை எங்கே தேடுவான்?

இரண்டாவது மகாட். சவ்தார் குளம் என்றால் நம் மாணவர்களுக்கு 1927 மார்ச் 20 நினைவுக்கு வரும், அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு பத்து வருஷம் நடந்த சிவில் வழக்கு பலருக்குத் தெரியாது. 1927 டிசம்பரில் மகாட் சாதி இந்துக்கள் சிலர், குளம் தங்களுக்கு மட்டுமே உரியது என்று அம்பேத்கர் மேலும் அவர் தோழர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 14 அன்று இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாடு, தடையை மீறிக் குளத்துக்குப் போவதில்லை, கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தது. கீழ்க் கோர்ட்டில் ஜெயம், மேல்முறையீட்டில் ஜெயம், கடைசியாக 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர் நீதிமன்றத்திலும் ஜெயம்.

எப்படி ஜெயித்தார்கள்? குளம் அரசாங்க நிலத்தில், நகராட்சி வசத்தில் இருந்தது. தங்களுக்கு மட்டும் உரியது என்றால் நினைவுக்கெட்டாத காலந்தொட்ட வழக்கம் அது என்று வாதிகள் காட்ட வேண்டும். நகராட்சி வந்த பின் யாரும் அள்ளவில்லை என்றார்கள். அதற்கு முன்பு? அவர்களால் காட்ட முடியவில்லை. 1922இல் காந்திக்கு ஆறு வருஷம் தண்டனை கொடுத்த அதே புரூம்பீல்டுதான் இந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி. அவர் கோயில் வழக்குகளைப் பிரித்துப் பேசுகிறார். கோயில் விஷயத்தில் நெடுநாள் வழக்கத்திலிருந்தே ஓர் அனுமானம் எழலாம், அந்தக் கோயில் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நிரூபிக்கும் சுமை தீண்டப்படாதார் மேல் விழலாம், தண்ணீர்க் குளத்துக்கு அப்படி ஓர் அனுமானம் கிடையாது என்கிறார். கமுதியில் கிடைத்தது மகாடில் கிடைக்கவில்லை. ஒரே தேசம், ஒரே சாட்சியச் சட்டம், ஒரே மாதிரியான சாதி. சுமை இடம் மாறியது, தீர்ப்பும் மாறியது.

இதில் தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகாடில் நம்மவர்கள் வாதி இல்லை, பிரதிவாதி. 1927 மார்ச்சில் மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், குளத்தில் எங்களுக்கு உரிமை உண்டு என்று கோர்ட் வாசலில் போய் நின்றிருந்தால், நிரூபி என்று நம்மைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் பொது நீர்நிலைகளைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் நேரே குளத்தில் இறங்கினார்கள். அப்புறம்தான் சாதி இந்துக்கள் வாதியாகிக் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் ஏறியது அப்படித்தான். போராட்டம் வேறு, வழக்கு வேறு என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கையில் இருப்பவன் பக்கம்

இன்று வழக்கம் என்ற பேச்சு நேராக எடுபடாது. அரசியல் சட்டத்தின் 17ஆம் உறுப்பு அதை முடித்துவிட்டது. இப்போது சண்டை நிலத்தில். அங்கே முக்கியமான விதி, பழைய 110ஆம் பிரிவு, இப்போது 113. ஒரு பொருள் ஒருவர் வசத்தில் இருந்தால், அவர் உரிமையாளர் இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். நாற்பது வருஷமாக நத்தத்தில் குடியிருக்கும் குடும்பத்தை ஒருவர் காலிபண்ணச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமை தன்னுடையது என்று அவர்தான் காட்ட வேண்டும். வெறும் பட்டாவைக் காட்டி மிரட்டினால் போதாது. வருவாய்த் துறைப் பதிவு மட்டும் உரிமை ஆகாது, வாதி தன் ஆதாரத்தின் பலத்தில்தான் ஜெயிக்க வேண்டும், பிரதிவாதியின் பலவீனத்தில் ஜெயிக்க முடியாது என்று 2014இல் வாசவி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடிசையில் இருப்பவனுக்கு இது கேடயம்.

அதே விதி பஞ்சமி நிலத்தில் ஆதிக்கச் சாதிக்காரனுக்குக் கேடயமாகிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படை செய்த நிலத்தைப் பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது நிபந்தனை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அதை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். இன்றைக்கு அந்த நிலத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார்? "இது பஞ்சமின்னு நீ காட்டு." காட்ட வேண்டிய பதிவேடு யாரிடம் இருக்கிறது? அரசாங்கத்திடம். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பழைய 'அ' பதிவேட்டில் இருந்த குறிப்பு புதுப் பதிவேட்டில் ஏறாமலே போன இடங்கள் உண்டு. பதிவேடு என்ன பாடுபடும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். நம் தேனி மாவட்டத்திலேயே, பெரியகுளம் வட்டம் வடவீரநாயக்கன்பட்டியில் அரசு நிலம் தனியார் பேருக்குப் பட்டா மாறியிருந்தது 2021இல் வெளிவந்து, அதிகாரிகளே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு நிலத்துக்கே இந்தக் கதி என்றால் சேரிக்காரன் நிலத்துக்கு என்ன கதி?

முல்லைப் பெரியாறு அணை 1895இல் வந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு குழி மண்ணுக்கும் விலை ஏறியது. இருபோக நெல், தென்னை, திராட்சைப் பந்தல். விலை ஏற ஏற வேலியும் நகரும். நகர்ந்த வேலிக்குப் பின்னால் நிற்பவருக்கு 113ஆம் பிரிவு காவல் நிற்கும்.

சுமையை மாற்றச் சட்டத்துக்குத் தெரியும்

வாதிதான் நிரூபிக்க வேண்டும் என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை. மனசு வந்தால் சட்டம் அதை மாற்றும். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளியோ கண்காணிப்புக் குழுவோ சொன்னால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. அதன் 12ஆம் பிரிவு, தாழ்த்தப்பட்டவருக்கு எதிராக அந்தச் சட்டத்தின் கீழான குற்றம் நடந்தால் அது தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டும், இல்லையென்றால் எதிரி காட்டட்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் போட்ட இனச் சமத்துவ நெறிமுறையும் இதே வழியில் போகிறது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று எண்ணவைக்கும் சங்கதிகளைப் பாதிக்கப்பட்டவர் காட்டினால், நடக்கவில்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

ஆக நாம் கேட்பது சலுகை இல்லை. இருக்கிற நியாயத்தை நிலத்துக்கும் நீட்டச் சொல்கிறோம். ஒரு நிலம் பஞ்சமி நிலம் என்று பழைய பதிவு ஒன்றைக் காட்டி ஒரு தலித் குடும்பம் வந்தால், அதில் இருக்கும் தலித் அல்லாதவர் 1892 முதல் தன் கைக்கு வந்தவரையிலான பத்திரச் சங்கிலியைக் காட்டட்டும். அரசு தன் பழைய பதிவேட்டைக் கோர்ட்டில் வைக்கட்டும். வைக்காவிட்டால் அது அரசுக்கு எதிராகவே அனுமானிக்கப்படட்டும். கொத்தடிமைச் சட்டத்தில் ஒரு பிரிவாக எழுத முடிந்ததை நிலச் சட்டத்தில் எழுத என்ன தடை? இந்தக் கோரிக்கையை மேடைக்கு மேடை வைக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

ஒரு பேச்சுக்கு, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு சேரியின் சுடுகாட்டுப் பாதையை ஒருவர் தென்னந்தோப்போடு சேர்த்து வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு, "பரம்பரையா நடந்துக்கிட்டு வர்றோம்" என்று வழக்குப் போட்டால், வசதியுரிமைச் சட்டப்படி 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்ததை நாமே நிரூபிக்க வேண்டும். அந்த 20 வருஷமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். அடைத்தபின் இரண்டு வருஷம் பஞ்சாயத்துப் பேசியே கழித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அதற்கு முன்னால் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் அது பொதுப்பாதை என்று இருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். அரசுப் பதிவு நம் பக்கம், பதில் சொல்ல வேண்டியவர் வேலி போட்டவர். ஒரே பாதைதான், ஆனால் பிராதில் எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுமை மாறுகிறது.

ஆகவே ஊர் ஊராகச் செய்ய வேண்டிய வேலைகள்:

ஒன்று. காகிதம் சேர்ப்பது. வீட்டுவரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, பி-மெமோ கட்டிய ரசீது எல்லாம் வேண்டும். ஆக்கிரமிப்பு என்று தண்டம் போட்ட பி-மெமோவைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். எந்த வருஷத்திலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அரசே எழுதிக்கொடுத்த சாட்சி அது. தெருவுக்கு ஒரு படித்த பிள்ளை இதைப் பொறுப்பாகச் செய்தால் போதும்.

இரண்டு. பதிவேட்டைக் கேட்பது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய 'அ' பதிவேடு, நிலவரித் திட்டப் பதிவேடு, கிராம வரைபடம் கேளுங்கள். தேனி 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. ஆகவே மதுரைக் கலெக்டர் அலுவலகத்திலும் கேளுங்கள். "இல்லை" என்று எழுதிக்கொடுத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். முக்கியமான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாதவருக்கு எதிராக அனுமானிக்கலாம், அவர் மேல் நிரூபிக்கும் சுமை இல்லாவிட்டாலும் அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே கேட்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது.

மூன்று. சம்மன் வந்தால் ஒளியக் கூடாது. "வாங்கலேன்னா கேஸ் நிக்காது" என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு பல குடும்பங்களை அழித்திருக்கிறது. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அவர்கள் சுமக்க வேண்டிய சுமையை நாமே இறக்கிவைத்ததாக ஆகும். எதிருரை 30 நாளில் போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள்வரை நீளும். அதில் ஒவ்வொரு வரியையும் குறிப்பாக மறுக்க வேண்டும். மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

நான்கு. தனியாகப் போகாதீர்கள். தெருவுக்கே பொதுவான பிரச்சினை என்றால், கோர்ட் அனுமதியோடு ஒருவரோ இருவரோ எல்லாருக்காகவும் வழக்கு நடத்தலாம். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறுகிறவரால் மாதா மாதம் உத்தமபாளையம் கோர்ட்டில் நிற்க முடியாது. சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி தாழ்த்தப்பட்டவருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. அது தர்மம் இல்லை, உரிமை. கேட்டு வாங்குங்கள்.

ஐந்து. வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்: "அய்யா, இந்தக் கேசுல நிரூபிக்க வேண்டியது யாரு? நாமளா, அவங்களா? அதை எப்படி அவங்க மேல வைக்கிறது?" அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேட்பது நம் நிலத்துக்காக.

சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 104ஆம் பிரிவைப் பரிட்சைக்குப் படித்திருப்பீர்கள். லீவில் ஊருக்கு வரும்போது உங்கள் தெருவில் இருபது வீட்டுக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். எந்த வீட்டில் எது இல்லை, எந்தப் பாதை எந்தப் படத்தில் இருக்கிறது, எந்தப் புல எண் யார் பேருக்கு எப்போது மாறியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வழக்கு வந்தபின் தேடினால் கிடைக்காது. வருமுன் எழுதிய நோட்டு பத்து சாட்சிக்குச் சமம்.

தலைமுறை தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கின் நெல்மூட்டையையும் உரமூட்டையையும் சுமந்தவர்கள் நம் ஆட்கள். இந்த ஒரு சுமையை மட்டும் இனி அவர்களே இறக்கிக்கொண்டு போகட்டும். வேலி போட்டவன் காட்டட்டும் பத்திரத்தை. அவனைக் கேட்கிற இடத்துக்கு நாம் வர வேண்டும், ஊர் ஊராக, இந்த வருஷத்திலேயே.

- ஆசிரியர் குழு